முயற்சி: மூன்று

பீர்க்கன்கரணை
14.3.2007

மயக்க மருந்து டாக்டர் ஞானசௌந்தரி அம்மாவுக்கு,

கனகவல்லி எழுதுகிறேன். உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. ஜனவரி பதினெட்டாம் தேதி உங்கள் காலேஜ் ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவள். பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை பக்கம் தெருத் தெருவாக மீன் விற்கிறேன். மேசையில் படுத்திருந்தபோது நீங்கள் என் நெற்றியில் கை வைத்து, "பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றீர்கள். அதனால்தான் உங்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கல் போய்விட்டது. தையலும் ஆறிவிட்டது. ஆனால் கண் விழித்த நாளிலிருந்து எனக்குக் குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்று வருகிறது, பேச்சு வரவில்லை. இரண்டாம் நாளே வார்டில் காட்டினேன். "டியூப் போட்டதால தொண்டை வீங்கியிருக்கும், ரெண்டு வாரத்துல சரியாயிடும்" என்றார்கள். இன்றோடு எட்டு வாரம் ஆகிறது.

கீழே நின்று "வஞ்சிரம், சங்கரா, நெத்திலி" என்று நான் ஒரு குரல் கொடுத்தால் மூன்றாவது மாடியில் அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி வருவார்கள். இப்போது அலுமினியக் கூடையின் மூடியில் கத்தியால் தட்டுகிறேன். பழைய இரும்பு வாங்க வந்தவள் என்று நினைத்து ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை வந்தேன். "இன்னாம்மா, சத்தமா சொல்லும்மா" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். சத்தம் இல்லை என்று சொல்லத்தான் அங்கே வந்து நின்றேன். என் வீட்டுக்காரர் வடிவேலு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவரைக் கூட்டி வந்தால் சண்டை போட்டுவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள், எழுத்தில் பிழை இருக்கும்.

உங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒருவர், பெயர் எழுதமாட்டேன், என்னிடம் சொன்னார்: "உனுக்கு டியூப்பு போட அம்மாம் நேரம் ஆச்சி. படிக்கிற புள்ளைய வச்சிதான் போட்டாங்கோ."

அது நிஜமா அம்மா? என்னைத் தூங்க வைத்த பிறகு அந்த அறையில் என்ன நடந்தது? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு எதற்கும் எழுதவில்லை.

கனகவல்லி

•

மயக்கவியல் துறை
22.3.2007

திருமதி கனகவல்லி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு ஏற்பட்டுள்ள சிரமத்துக்கு வருந்துகிறேன்.

அறுவை சிகிச்சையின்போது சுவாசத்துக்காகத் தொண்டை வழியே குழாய் செலுத்தப்படும் நோயாளிகளில் சிலருக்குக் குரல் கம்முவது எதிர்பார்க்கக்கூடிய ஒன்றே. தங்கள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். குழாய் ஒரே முயற்சியில் செலுத்தப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. அப்பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இதைக் காண்பித்து ஆலோசனை பெறவும்.

இது மருத்துவக் கல்லூரி என்பதால், மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் மாணவர்களும் பணியாற்றுவது வழக்கம். சேர்க்கையின்போது தாங்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.

விரைவில் நலம் பெற வாழ்த்துகிறேன்.

டாக்டர் ஞானசௌந்தரி
பேராசிரியர்

•

பீர்க்கன்கரணை
9.4.2007

டாக்டரம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பிய தாளை எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஈ.என்.டி. டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாக வயர் மாதிரி ஒன்றை விட்டு டி.வி.யில் காட்டினார். என் தொண்டைக்குள் இரண்டு வெள்ளை மடிப்புகள் இருக்கின்றன. ஒன்று கதவு மாதிரித் திறந்து மூடுகிறது. இன்னொன்று அப்படியே நிற்கிறது.

அவர் பொறுமையானவர். நான் காற்றாகப் பேசியதைக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். "இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். நரம்பு அசந்து போயிருக்கலாம். அப்படின்னா காத்திருந்தா தானா வரும். இல்லைன்னா டியூப் போடும்போது அடிபட்டு உள்ள இருக்கற சின்னக் குருத்தெலும்பு இடம் மாறியிருக்கலாம். அப்படின்னா உடனே சரி பண்ணணும், நாளாச்சுன்னா இறுகிடும். டியூப் போடக் கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் உங்கள் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஒரே தடவைதான் போட்டிருக்காங்க. அப்போ நரம்பாத்தான் இருக்கும். ஆறு மாசம் பொறுத்துப் பாக்கலாம்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஆறு மாதம் பொறுக்கிறேன். முடியாதது எதுவும் இல்லை. ஆனால் நேற்று என் மகள் தீபலட்சுமி ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பக்கவாட்டில் பைக் வந்ததைப் பார்க்கவில்லை. நான் பின்னால் நின்று கத்தினேன். கத்தினேன் என்றால் வாயைத் திறந்தேன். பைக் ஓட்டியவன் பிரேக் போட்டதால் பிழைத்தாள். வீட்டுக்கு வந்து, "நீ ஏம்மா கூப்புடல?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்புறம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம், போட்டேன். நான்கு பக்கம், இங்கிலீஷில். "இங்க போடும்மா, இங்க போடும்மா" என்றார்கள், போட்டேன்.

உங்கள் தாளில் எழுதியிருப்பது சத்தியமாக இருந்தால் இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

கனகவல்லி

•

சேலையூர்
27.4.2007

கனகவல்லி அம்மாவுக்கு,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். துறைத் தாளில் எழுத முடியாத கடிதம் இது.

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. பல தடவை பதில் எழுதிக் கிழித்தேன். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த டாக்டரிடம் நாளைக்கே திரும்பப் போங்கள். இத்துடன் இருக்கும் தாளைக் காட்டுங்கள். அதில் "மூன்று முயற்சிகள், இரண்டாவதில் அழுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. இது அநேகமாக நரம்பு இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மயக்க மருந்து ஏறியதும் உடம்பின் தசையெல்லாம் தளர்ந்து மூச்சு நின்றுவிடும். அப்போது நாக்கைத் தூக்கிப் பிடித்து, நீங்கள் டி.வி.யில் பார்த்த அந்த இரண்டு மடிப்புகளுக்கு நடுவே குழாயை இறக்க வேண்டும். பழகிய கைக்கு அரை நிமிடம் போதும். பழகாத கையை யாராவது பழக்கித்தானே ஆகவேண்டும்? அதுதான் என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிறேன்.

அன்று குழாய் போட்டவர் இளமாறன். எம்.பி.பி.எஸ். முடித்து, மயக்கவியலில் மேற்படிப்புக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பொம்மையில் நாற்பது, ஐம்பது தடவை போட்டுப் பழகியிருந்தார். பொம்மைக்கு எச்சில் சுரக்காது, தாடை இறுகாது. உயிருள்ள தொண்டைகளில் உங்களுடையது அவருக்கு நான்காவது.

முதல் தடவை குழாய் இரைப்பைக்குப் போகும் வழியில் இறங்கிவிட்டது. உடனே எடுத்துவிட்டு ஆக்ஸிஜன் கொடுத்தோம். அதில் ஆபத்து ஏதும் வரவில்லை. அவர் குழாயை என்னிடம் நீட்டினார். "மேடம், நீங்க போட்டுடுங்க" என்றார். அவரே கேட்டார், அம்மா. நான்தான், "இல்ல, இன்னொரு தடவை பாருங்க. இப்ப விட்டுட்டா பயம் ஒட்டிக்கும்" என்றேன். இரண்டாம் தடவை அவர் பலத்தை உபயோகித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் வாங்கிப் போட்டேன்.

அந்த நிமிடத்தில் நான் என் மாணவரைப் பற்றி நினைத்தேன். உங்களைப் பற்றி நினைக்கவில்லை. உங்கள் நெற்றியில் கை வைத்த அதே நான்.

இதோடு முடிந்திருந்தால் தவறு என்று சொல்லலாம். அதற்குப் பிறகு செய்ததைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இளமாறன் பதிவேட்டில் "மூன்று" என்றுதான் எழுதினார். அடுத்த வாரம் எங்கள் துறையின் அங்கீகாரத்துக்காகப் பார்வையிட வெளியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. நான் அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாளில் "ஒன்று" என்று எழுதினேன். இரண்டாம் நாள் அவர் என் அறைக்கு வந்து, "மேடம், அந்த அக்காவுக்குக் குரலே வரல. ஈ.என்.டி.க்கு எழுதிடலாமா?" என்றார். எழுதினால் எத்தனை முயற்சி என்று கேட்பார்கள். "ரெண்டு வாரம் பாக்கலாம்" என்றேன். அன்றைக்குக் காட்டியிருந்தால் சில நிமிடங்களில் அந்த எலும்பை இடத்தில் வைத்திருக்கலாம்.

அதன் பிறகு அவர் என்னிடம் வேலை தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.

இந்தக் கடிதத்தை உங்கள் கணவரிடம், வக்கீலிடம், யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். நான் மறுக்கமாட்டேன்.

ஞானசௌந்தரி

•

பீர்க்கன்கரணை
4.5.2007

டாக்டரம்மாவுக்கு,

மூன்று தடவை படித்தேன். ஈ.என்.டி. டாக்டர் உங்கள் தாளை இரண்டு தடவை படித்தார். அப்புறம், "ஜனவரியிலயே இது என் கையில கிடைச்சிருந்தா" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டார். ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பழைய குரல் வராது, பாதி வந்தாலே பெரிது என்கிறார். மறுபடியும் மயக்க மருந்து கொடுக்க வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகச் சுற்றுகிறார். "வக்கீல பாத்துட்டேன், இத்த சும்மா வுடக் கூடாது" என்கிறார். நான் அவரைத் தடுக்கப்போவதில்லை. தடுத்துப் பேசவும் முடியாது.

அந்தப் பிள்ளை இளமாறனை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒல்லியாக, மாஸ்க்கைத் தலைகீழாகக் கட்டியிருந்தது. வெளியே காத்திருந்தபோது என் கையில் ஊசி போட்டது அதுதான். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. "வலிச்சிச்சா அக்கா?" என்று கேட்டது. இல்லை என்று சிரித்தேன். அப்போது கையை நான்தான் நீட்டினேன். என் தொண்டையை நான் யாருக்கும் நீட்டவில்லை. "நான் படிக்கிறவன், நான் போடலாமா" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். அதைச் சொல்கிற பாக்கியத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டால் உங்கள் மனசு பாரம் இறங்கிவிடும். என் தொண்டை சரியாகாது. ஆஸ்பத்திரிப் புஸ்தகத்தில் இன்றைக்கும் "ஒன்று" என்றுதான் இருக்கிறது. அதை மாற்றுங்கள்.

கனகவல்லி

•

சேலையூர்
2.6.2007

கனகவல்லி அம்மாவுக்கு,

மாற்றிவிட்டேன். எளிதாகச் சொல்லிவிட்டேன், ஆனால் மூன்று வாரம் பிடித்தது.

டீனிடம் எழுத்தில் கொடுத்தேன். "நீங்க ரிடையர் ஆக இன்னும் ஆறு வருஷம் இருக்கு டாக்டர், யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?" என்றார். விசாரணைக் குழு போட்டார்கள். இளமாறனைக் கூப்பிட்டார்கள். அவர் தன் முதல் தாளின் பிரதியைத் தனியாக வைத்திருந்தார். நான் கிழித்த தாளின் கார்பன் நகல் அது. நான்கு மாதமாக அதைத் தன் பெட்டியில் வைத்திருந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. என்னைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா என்று குழுவில் கேட்டார்கள். "பயந்துட்டேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

ஆறு மாதம் நான் ஆபரேஷன் அறைக்குள் போகக் கூடாது, பாடம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. துறைத் தலைமையையும் எடுத்துவிட்டார்கள். நியாயமானதுதான். உங்கள் பதிவேட்டில் இப்போது "மூன்று" என்று இருக்கிறது. வக்கீல் கேட்டால் முத்திரையோடு கொடுப்பார்கள்.

உங்கள் அடுத்த ஆபரேஷனுக்கு நான் வர முடியாது, நீங்களும் விரும்பமாட்டீர்கள். ஆனால் அங்கே மயக்க மருந்து கொடுக்கப்போகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: "டியூப் யார் போடுவீங்க? என்னிடம் முன்னாடியே சொல்லுங்க." அவர் சொல்லியே ஆகவேண்டும். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஜனவரியிலும் இருந்தது. நாங்கள்தான் சொல்லவில்லை.

ஞானசௌந்தரி

•

பீர்க்கன்கரணை
15.7.2007

டாக்டரம்மாவுக்கு,

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். அந்த டாக்டர் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனாலும் பதில் சொன்னார்.

குரல் வந்திருக்கிறது. என்னுடையது இல்லை. உடைந்த குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும். மூன்றாவது மாடிக்கு எட்டாது. இதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெருங்களத்தூர் ஸ்டேஷன் ரோட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்க ஆரம்பித்திருக்கிறேன். தேடி வருகிறவர்களுக்கு மட்டும் வியாபாரம்.

நான் எழுத வந்தது வேறு. ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை இளமாறன் எங்கள் வீட்டுக்கு வந்தது. உங்களிடம் சொல்லியிருக்காது. வாசலில் நின்று, "நான்தான் அக்கா" என்றது. யார் என்று சொல்லவே இல்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிட்டது.

அவர் பாயிலிருந்து எழுந்து சட்டையைப் பிடித்துவிட்டார். "இன்னாடா, பாக்க வந்தியா? பாரு, நல்லா பாத்துக்கோ!" என்று கத்தினார். அந்தப் பிள்ளை கையைத் தூக்கக்கூட இல்லை. அடி வாங்கத்தான் வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. நான் நடுவே போய் நின்றேன். அவர் விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

தீபா தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. "நான் இந்தப் படிப்ப விட்டுடப் போறேங்க்கா. டியூப்பை கையில எடுத்தாலே உங்க ஞாபகம் வருது. ஊருக்குப் போய் சாதாரண டாக்டரா இருந்துக்கறேன்" என்றது. எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அதுவரை உங்கள் பேரில் இருந்தது, அன்றைக்கு அந்தப் பிள்ளை பேரிலும் வந்தது. கிட்டே வரச் சொன்னேன். குனிந்து என் வாய்க்கு நேராகக் காதை வைத்தது.

"நீ வுட்டுட்டுப் போயிட்டா, என் தொண்டை போனது எதுக்குடா?" என்று கேட்டேன்.

அது தலையைக் குனிந்துகொண்டது. அழுதது. நான் தேற்றவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அன்றைக்கு வாயில் வரவில்லை.

கேஸ் நடக்கிறது. அது அதன் வழியில் போகட்டும்.

கனகவல்லி

•

சேலையூர்
20.2.2008

கனகவல்லி அம்மாவுக்கு,

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லத் தோன்றியது. இளமாறன் போகவில்லை. தடை முடிந்து ஜனவரியில் நான் திரும்பி வந்தபோது அவர் இரண்டாம் வருடத்தில் இருந்தார். என்னை முதன்முதலில் பார்த்ததும் "குட் மார்னிங் மேடம்" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு.

புதிய துறைத் தலைவரைச் சம்மதிக்க வைத்து, இப்போது எங்கள் துறையில் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாணவர் வார்டுக்குப் போய், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லி, "நான் கத்துக்கிட்டிருக்கேன். டியூப் போடறதை நான் செய்யலாமா? என் கூட சீனியர் இருப்பாங்க. வேணாம்னா அவங்களே போட்டுடுவாங்க" என்று தமிழில் கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் முயற்சி. தவறினால் மூத்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சர்ஜன்கள் முணுமுணுக்கிறார்கள். "இப்படிக் கேட்டா எவன் சரின்னு சொல்வான்? உங்க பசங்க எப்ப கத்துப்பாங்க?" என்கிறார்கள். பத்துப் பேரில் நாலு பேர் வேண்டாம் என்கிறார்கள், உண்மைதான். ஆறு பேர் சரி என்கிறார்கள். அது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு கட்டடத் தொழிலாளி மாணவியிடம், "பொறுமையா போடு தாயி, அவசரமில்ல" என்றாராம். அவள் அதை வந்து சொல்லும்போது அழுதுவிட்டாள்.

உங்கள் கேஸில் என் தரப்பில் வாதாட மறுத்துவிட்டேன். தீர்ப்பு உங்கள் பக்கம்தான் வரும்.

ஞானசௌந்தரி

•

பீர்க்கன்கரணை
11.11.2009

டாக்டரம்மாவுக்கு,

நீங்கள் போன கடிதம் எழுதி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கேஸும் இன்னும் முடியவில்லை, எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

போன வாரம் தீபலட்சுமிக்கு வயிற்று வலி. குடல்வால் என்றார்கள். உடனே எங்கே போகலாம் என்றபோது என் வீட்டுக்காரர், "வேற எங்கனா போலாம், அங்க மட்டும் வேணாம்" என்றார். நான்தான் உங்கள் ஆஸ்பத்திரிக்கே ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்டதற்கு, அங்கேதான் நம்மிடம் கேட்பார்கள் என்றேன். நீங்கள் லீவில் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பெண் வந்து தீபா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் பேரு ஷர்மிளா. நான் மயக்க மருந்து படிச்சிட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தாள். நீங்கள் எழுதியிருந்தது அத்தனையும் அப்படியே சொன்னாள். சீட்டைப் பார்க்காமல், தீபாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

தீபா என்னைப் பார்த்தாள். பதினெட்டு முடிந்துவிட்டது, அவளே சொல்லலாம். ஆனால் என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா, சரி என்று சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. இளமாறனிடம் அத்தனை பேச்சுப் பேசியவள் நான். நீங்கள் எழுதிய அந்த ஆறு பேரில் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"வேணாம்மா" என்றேன். "பெரியவங்களையே போடச் சொல்லு."

அவள் முகம் மாறவில்லை. "சரிங்கம்மா, சீனியரே போட்டுடுவாங்க. நான் கூட நிக்கலாமா?" என்றாள். நில்லு என்றேன். தீபாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பெண்தான் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தீபா கண் திறந்து, "அம்மா, தாகமா இருக்கு" என்றாள். கரகரப்புகூட இல்லை. நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தீபா கேட்கிறாள்: "நம்ம மாதிரி எல்லாரும் வேணாம்னு சொல்லிட்டா அவங்க எப்படிம்மா கத்துப்பாங்க?" அந்தக் கேள்வியை உங்களுக்கும் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் இந்தப் பாடம் எடுக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எல்லாம் தெரிந்தும் வேண்டாம் என்று சொன்ன ஒருத்தி இருக்கிறாள் என்று. அவள் கெட்டவள் இல்லை என்றும் சொல்லுங்கள்.

கனகவல்லி